476 மதிப்பெண், நீட்டில் 212: இனி என்ன படிக்க வைப்பது?

கேள்வி: "வேடசந்தூர் பக்கம் தையல் வேலை செய்கிறேன். கணவருக்கு மில் வேலை. மகள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி. பிளஸ் டூவில் பயோ-மேக்ஸ் குரூப். தமிழ் 88, ஆங்கிலம் 79, கணக்கு 74, இயற்பியல் 71, வேதியியல் 78, உயிரியல் 86. மொத்தம் 476. நீட்டில் 212 வந்திருக்கிறது. ஒரு வருஷம் கோச்சிங் போய் மறுபடி எழுதுகிறேன் என்கிறாள். அவள் அப்பா கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்க்கச் சொல்கிறார். சொந்தக்காரர் ஒருவர் நர்சிங் சீட் வாங்கித் தருகிறேன், 20,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டுங்கள் என்கிறார். மகன் பத்தாவதில் 281 எடுத்திருக்கிறான், அவனுக்கும் ஒரு வழி சொல்லுங்கள்."

பதில்: அம்மா, முதலில் அந்த 20,000 ரூபாய். அதைக் கட்டாதீர்கள். ஒரிஜினல் டி.சி., மார்க் ஷீட் எதையும் யார் கையிலும் கொடுத்துவிடாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம், அதற்கு நேரம் இருக்கிறது.

நான் 31 வருஷம் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுத்தவன். ஒவ்வொரு மே, ஜூன் மாதமும் பிள்ளைகளோடும் பெற்றோரோடும் உட்கார்ந்து விண்ணப்பம் போட்டுப் பழகியவன். என்னிடம் படித்த ஒரு பெண்ணை இதே மாதிரி ஒரு உறவினர் "நர்சிங்" என்று சொல்லிச் சேர்த்துவிட்டார். ஒரு வருஷப் படிப்பு, வெள்ளைச் சீருடை, மாட்டிக்கொள்ள அடையாள அட்டை எல்லாம் கொடுத்தார்கள். படிப்பை முடித்து நர்ஸாகப் பதிவு செய்யப் போனபோதுதான் அந்தச் சான்றிதழுக்கு நர்சிங் கவுன்சிலில் இடமே இல்லை என்று தெரிந்தது. சான்றிதழை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு என் வீட்டுக்கு எடுத்து வந்திருந்தாள். "ஹெல்த் அசிஸ்டென்ட்" என்று அதில் தெளிவாகவே அச்சிட்டிருந்தார்கள். பணம் கட்டிய நாளில் அதை வாசிக்க அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. இன்று மருத்துவமனையில் நர்ஸ் செய்கிற வேலையில் பாதியை உதவியாளர் சம்பளத்துக்குச் செய்துகொண்டிருக்கிறாள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

நர்ஸ் என்று பதிவு செய்ய இரண்டே வாசல்கள்தான். ஒன்று நான்கு வருஷ பி.எஸ்சி. நர்சிங், மற்றது மூன்று வருஷ டிப்ளமோ. கல்லூரிக்குத் தமிழ்நாடு நர்ஸுகள் மற்றும் தாதியர் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்க வேண்டும். பி.எஸ்சி. என்றால் அந்தக் கல்லூரி தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பட்டியலிலும் இருக்க வேண்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக இருந்தால் கவுன்சில் அங்கீகாரத்தைப் பாருங்கள். இரண்டு பட்டியல்களும் இணையத்திலேயே இருக்கின்றன. உங்கள் உறவினர் கல்லூரியின் பெயரைச் சொல்லட்டும், மகளே ஐந்து நிமிஷத்தில் தேடிப் பார்த்துவிடுவாள். பட்டியலில் இருந்தாலும்கூட அட்வான்ஸ் வேண்டாம். தனியார் கல்லூரிகளிலும் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் உண்டு, அவற்றுக்குக் கவுன்சலிங் வழியாகவே சேரலாம்.

இப்போது மதிப்பெண்ணுக்கு வருவோம். 476 என்ற எண்ணை மறந்துவிடுங்கள், இந்தக் கவுன்சலிங்குகளில் பெரும்பாலும் அதை யாரும் கேட்கப்போவதில்லை. ஒவ்வொரு கவுன்சலிங்கும் அதே மார்க் ஷீட்டைத் தன் கணக்கில் வேறு மாதிரி வாசிக்கும். இன்ஜினியரிங்குக்குக் கணக்கு முழுசாக 74, இயற்பியலில் பாதி 35.5, வேதியியலில் பாதி 39, ஆக 200க்கு 148.5. மருத்துவம் சார்ந்த துணைப் படிப்புகளுக்குக் கணக்குக்குப் பதில் உயிரியல் முழுசாக வரும்: 86, 35.5, 39, மொத்தம் 160.5. வேளாண்மைக்கு நான்கு பாடங்களிலும் பாதிப் பாதி: 154.5. மூன்றில் அவள் உயர்ந்து நிற்பது உயிரியல் சேர்கிற இடத்தில். அவள் மனசும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்று உங்கள் கேள்வியிலிருந்தே தெரிகிறது.

நீட் பற்றி. 212 எடுத்தவள் தோற்றவள் இல்லை. தகுதி பெறுவது பெர்சென்டைல் கணக்கில், அதாவது எழுதியவர்களில் எத்தனை சதவீதம் பேருக்கு மேலே நிற்கிறாள் என்பதில். பொதுப் பிரிவுக்கு 50, ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவுகளுக்கு 40. அண்மை ஆண்டுகளில் அந்தக் கோடு நின்ற இடத்தைப் பார்த்தால் 212 அதற்கு மேலே இருக்கும். அவளுடைய ஸ்கோர் கார்டிலேயே அது போட்டிருக்கும், பாருங்கள். தகுதி பெற்றவர்களுக்கெல்லாம் எம்.பி.பி.எஸ். இடம் கிடைக்காது என்பது உண்மைதான். ஆனால் தகுதி இருந்தால் சித்த மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 2020இல் வந்த சட்டப்படி எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம், சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதி எல்லாவற்றுக்கும் உண்டு. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964 முதல் இருக்கிறது. இந்தக் கவுன்சலிங் தனியாக, தாமதமாக நடக்கும். எம்.பி.பி.எஸ். பட்டியலில் பெயர் இல்லையென்றதும் அதோடு முடிந்தது என்று பலர் இதைத் தவறவிடுகிறார்கள்.

மறுபடி எழுதலாமா? ஸ்கோர் கார்டில் மூன்று பாடங்களுக்கும் தனித்தனி பெர்சென்டைல் இருக்கும், அதைப் பாருங்கள். நீட்டில் 720க்கு 360 உயிரியலுக்கே போகிறது. அவள் உயிரியலில் நன்றாகச் செய்து இயற்பியலில் சறுக்கியிருந்தால், ஒரு வருஷத்தில் சரி செய்ய முடியும். அப்படிச் சரி செய்து ஏறியவர்களை நான் பார்த்திருக்கிறேன். மூன்றுமே தாழ்ந்திருந்தால், கோச்சிங்குக்கு வட்டிக்குக் கடன் வாங்கும் முன் ரொம்ப யோசியுங்கள். நீட்டுக்கு உச்ச வயது வரம்பு கிடையாது. அடுத்த ஆண்டு எழுதினாலும் அரசுப் பள்ளி ஒதுக்கீடு அவளுக்குப் பொருந்தும். அதனால் இந்த ஆண்டு கிடைக்கிற நல்ல இடத்தை விட்டுவிட்டு வெறுங்கையோடு உட்காரத் தேவையில்லை. எல்லாக் கவுன்சலிங்குக்கும் போட்டு வையுங்கள், என்ன இடம் கிடைக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சேர்ந்தபின் நடுவில் விலகினால் சில படிப்புகளில் அபராதம் உண்டு. அதைத் தகவல் கையேட்டில் முதலிலேயே வாசித்துவிட வேண்டும்.

இதோடு ஒரு கேள்வியை அவளிடம் கேளுங்கள். ஏன் டாக்டராக வேண்டும் என்கிறாள்? உங்கள் கடிதத்தில் அவள் அப்பா சொன்னது இருக்கிறது, சொந்தக்காரர் சொன்னது இருக்கிறது, அவளுடைய காரணம் மட்டும் இல்லை. சில பிள்ளைகளுக்கு நோயாளியின் பக்கத்தில் நிற்கப் பிடிக்கும். சிலருக்கு உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் ஆசை, ஆஸ்பத்திரி வாசனையே ஆகாது. இந்த இரண்டு பேருக்கும் பாதை வேறு வேறு.

நோயாளியின் பக்கத்தில் நிற்கப் பிடிக்கும் என்றால், நம் வீடுகளில் பெயர் தெரியாமலே கிடக்கிற ஒரு பெரிய பட்டியல் இருக்கிறது. மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு நடத்தும் கவுன்சலிங் அது. பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம்., பிசியோதெரபி, செவித்திறன் மற்றும் பேச்சுப் பயிற்சி, கண் பரிசோதனைக்கான ஆப்டோமெட்ரி, ரேடியோகிராபி, டயாலிசிஸ், இதய நோய்த் தொழில்நுட்பம், ஆபரேஷன் தியேட்டர் மற்றும் மயக்கவியல் தொழில்நுட்பம், அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம் என்று போகும். பெரும்பாலும் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே இடம். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் எதற்காவது நீட் கேட்கிறார்களா என்று அந்தந்த ஆண்டின் கையேட்டில் பாருங்கள். அவள் நீட் எழுதிவிட்டதால் அந்தக் கவலையும் இல்லை. அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் வருஷக் கட்டணம் சில ஆயிரம் ரூபாயோடு முடிந்துவிடும். 2021இல் நாடாளுமன்றம் இவற்றில் பல துறைகளுக்கென்றே தனி ஆணையச் சட்டம் கொண்டுவந்தது. பதிவும் பாடத்திட்டமும் ஒழுங்குக்கு வரத் தொடங்கியிருக்கின்றன.

இதில் ஒன்றிரண்டை மட்டும் கிட்டே போய்க் காட்டுகிறேன். பெர்ஃப்யூஷன் என்று ஒரு படிப்பு. இதய அறுவை சிகிச்சையில் சர்ஜன் இதயத்தை நிறுத்திவைத்து வேலை செய்கிறார் அல்லவா, அந்த நேரம் முழுவதும் நோயாளியின் ரத்தத்தை வெளியே எடுத்து, பிராணவாயு சேர்த்து, உடம்புக்குத் திருப்பி அனுப்புகிற இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருப்பவர் பெர்ஃப்யூஷனிஸ்ட். அந்த ஆள் இல்லாமல் அந்த ஆபரேஷன் நடக்காது. ஆனால் இதய அறுவை சிகிச்சை நடக்கிற ஊர்களில்தான் வேலை. மதுரை, கோவை, சென்னை என்று போக வேண்டியிருக்கும்.

இன்னொன்று செவித்திறன், பேச்சுப் பயிற்சிப் படிப்பு. என் மாணவி ஒருத்தி இதைப் படித்தாள். சேர்க்கும்போது அவள் வீட்டில் "இது என்ன படிப்பு, மெஷின் விற்கவா?" என்று ஒரே சண்டை. பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே நடக்கிறது. ஆனால் கருவி வைத்த அன்றே குழந்தை பேசிவிடாது. மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒவ்வொரு ஒலியாகப் பழக்க வேண்டும். ஒருநாள் அவள் வேலை செய்கிற இடத்துக்குப் போயிருந்தேன். மூன்று வயசுப் பையன். அவன் பார்க்க முடியாதபடி வாயை ஓர் அட்டையால் மறைத்துக்கொண்டு "ஆ" என்றாள். பையன் கையிலிருந்த மரக்கட்டையைக் கிண்ணத்தில் போட்டான். "ஊ" என்றாள், இன்னொன்றைப் போட்டான். மெதுவாக "ம்" என்றாள். பையன் கொஞ்சம் நின்றான், பிறகு போட்டான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த அறையிலிருந்து நான் வெளியே வரும்போது, இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு இந்தப் படிப்பைச் சொல்லாமல் இருந்துவிட்டோமே என்றுதான் நினைத்தேன்.

நர்சிங்கையும் குறைவாக நினைக்காதீர்கள். முறையான நர்சிங் படித்தவர்களை மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அரசு மருத்துவமனைகளுக்கு எடுக்கிறது. தொடக்கத்தில் தொகுப்பூதியம், நிரந்தரத்துக்குக் காத்திருக்க வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்குத் தனித் தேர்வு உண்டு. வெளிநாடு போக நினைத்தால், தரகரிடம் போகாமல், 1978இல் அரசே தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. இரவு ஷிப்ட், பண்டிகை நாளில் டூட்டி, நின்றே பழகிய கால் வலி எல்லாம் இந்த வேலையோடு வரும். அவள் தெரிந்தே தேர்ந்தெடுக்கட்டும்.

ஆஸ்பத்திரி வேண்டாம், உயிரியல்தான் பிடிக்கும் என்றால் வேளாண்மை, மீன்வளம், வனவியல், உணவுத் தொழில்நுட்பம் எல்லாவற்றுக்கும் போடுங்கள். கால்நடை மருத்துவம் மாநில ஒதுக்கீட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணில்தான், ஆனால் அந்தக் கட்-ஆஃப் எப்போதும் மிக உயரம், நம்பிக்கை வைத்து மற்றதை விட்டுவிடாதீர்கள். பி.எஸ்சி. விலங்கியல், உயிர்வேதியியல் படித்து மேலே ஆராய்ச்சிக்குப் போகலாம். திண்டுக்கல் எம்.வி. முத்தையா அரசு மகளிர் கலைக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தான். அரசுக் கலைக் கல்லூரி என்றால் வேறு எங்கும் இடம் கிடைக்காதவர்கள் போகிற இடம் என்று ஒரு பேச்சு ஊரில் இருக்கிறது. அங்கே படித்து ஆசிரியராக, அதிகாரியாக, விஞ்ஞானியாக ஆனவர்களோடு வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், அந்தப் பேச்சு நியாயமில்லாதது. ஐந்து வருஷச் சட்டப் படிப்புக்கும் அரசு சட்டக் கல்லூரிகளில் பிளஸ் டூ மதிப்பெண் போதும், எந்த குரூப் என்றும் பார்ப்பதில்லை. பேச்சில் கெட்டிக்காரி என்றால் அதையும் போட்டு வையுங்கள். சி.ஏ.வுக்கும் குரூப் தடையில்லை, ஆனால் அவளிடம் அந்த நாட்டம் தெரியவில்லை, அதனால் அதற்குள் போகவில்லை.

இனி அவள் அப்பா சொல்வது. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இன்ஜினியரிங்கில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2021இல் வந்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனித் தரவரிசை உண்டு, பொதுத் தரவரிசையிலும் பெயர் இருக்கும். அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும். 148.5க்கு, பொதுப் பட்டியலில் எட்டாத கல்லூரி இந்தப் பட்டியலில் எட்டக்கூடும். எனவே கடைசி நாளுக்கு முன் கட்டாயம் பதிவு செய்யுங்கள். விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம். பத்து, பதினைந்தோடு நிறுத்தி ஏமாந்தவர்கள் ஏராளம், குறைந்தது ஐம்பது கல்லூரியாவது போடுங்கள். வரிசைதான் உயிர். மேலே வைத்த கல்லூரி கிடைத்துவிட்டால் கீழே இருப்பதைக் கணினி பார்க்கவே பார்க்காது. கல்லூரிக் குறியீட்டு எண்ணை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, இருவராக உட்கார்ந்து, ஒருவர் வாசிக்க ஒருவர் அடியுங்கள். ஒரே பெயரில் இரண்டு மூன்று கல்லூரிகள் இருக்கும், எண் ஒன்று மாறினால் ஊரே மாறிவிடும்.

ஆனால் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்ற பெயருக்காக மோசமான கல்லூரியில் சேர்க்காதீர்கள். தன்னாட்சி பெறாத, அதாவது தானே தேர்வு நடத்திக்கொள்ளாத இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும். பாதிப் பிள்ளைகள்கூடத் தேறாத கல்லூரியின் விளம்பரப் பலகையில் எத்தனை வேலைவாய்ப்பு போட்டிருந்தாலும் என்ன பயன்? தேசிய அங்கீகார வாரியத்தின் (என்.பி.ஏ.) அங்கீகாரத்தைக் கல்லூரிக்குப் பாராமல் அந்தப் பிரிவுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அவள் நாட்டத்துக்கு பயோமெடிக்கல், பயோடெக்னாலஜி, உணவுத் தொழில்நுட்பப் பிரிவுகளும் உண்டு. கம்ப்யூட்டர் பக்கம் ஆசை இருக்கிறதா என்று சோதிக்க வேறு வழியும் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. இணையவழியில் நடத்தும் டேட்டா சயின்ஸ் பி.எஸ். பட்டத்துக்கு ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு தேவையில்லை. நான்கு வாரப் பாடம் படித்து ஒரு தகுதித் தேர்வு எழுதினால் சேரலாம். 2022 முதல் யு.ஜி.சி. ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்களை அனுமதிப்பதால், இன்னொரு பட்டம் படித்துக்கொண்டே இதைப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கணக்கில் உட்காரப் பொறுமை இருந்தால் மட்டும்.

செலவுக்கு. அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். உங்கள் வீட்டில் இதுவரை பட்டதாரி யாரும் இல்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்குங்கள், தொழிற்படிப்புகளில் கட்டணச் சலுகை கிடைக்கும். கல்விக் கடன் 4 லட்சம் வரை சொத்துப் பிணை இல்லாமல் தர வங்கிகளுக்கு வழிமுறை இருக்கிறது. வித்யாலட்சுமி தளத்தில் பதிந்துவிட்டுப் போனால், "மேனேஜர் இல்லை, நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்புவது கொஞ்சம் குறையும்.

மகன் விஷயம். 281ஐப் பார்த்து மனசு விட வேண்டாம். வீட்டில் மோட்டாரைக் கழற்றுகிறானா, சுவிட்ச் மாற்றுகிறானா? அப்படியென்றால் அரசு ஐ.டி.ஐ. அவனுக்குச் சரியான இடம். எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் போன்றவை இரண்டு வருஷம். முடித்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு. டிப்ளமோ முடித்தால் பி.இ.யில் நேராக இரண்டாம் ஆண்டு. கூட்டிப் பாருங்கள்: இரண்டும் இரண்டும் மூன்றும் ஏழு வருஷம். பிளஸ் ஒன், பிளஸ் டூ, பி.இ. என்று போனால் ஆறு. ஒரே ஒரு வருஷம் கூடுதல், ஆனால் நடுவில் எந்த இடத்தில் நின்றாலும் கையில் ஒரு தொழில் இருக்கும். ரயில்வே, திருச்சி பெல், பெரம்பூர் ஐ.சி.எஃப். போன்ற இடங்களில் ஐ.டி.ஐ. முடித்தவர்களை அப்ரண்டிஸாக எடுக்கிறார்கள். மாநிலத்தில் 71 அரசு ஐ.டி.ஐ.களில் ரோபோ, கணினியால் இயங்கும் சி.என்.சி. போன்ற புதிய இயந்திரங்களோடு மையங்கள் அமைத்திருக்கிறார்கள். அரசு ஐ.டி.ஐ.யில் படிக்கும்போது மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, அவனும் ஆறிலிருந்து அரசுப் பள்ளி என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் இன்னொரு 1,000. பெண்ணைப் பற்றிப் பேசும்போது அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து "இவன்தான் மார்க் எடுக்கவில்லை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அம்மா. பதினைந்து வயசுப் பிள்ளைக்கு அது ரொம்ப நாள் உள்ளே கிடக்கும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: இ-சேவை மையத்துக்குப் போய் வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, தேவைப்பட்டால் இருப்பிடச் சான்றுக்குப் போடுங்கள். சாதிச் சான்றிதழ் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். மத்திய அரசுக் கல்லூரி எதற்காவது போடுவதென்றால் அந்த அட்டை போதாது, ஓ.பி.சி. சான்று தனியாக, அந்த நிதியாண்டுக்கு வாங்க வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்குச் சான்று எப்படிச் சரிபார்க்கிறார்கள் என்று பள்ளித் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். இடையில் ஒரு வருஷம் தனியார் பள்ளிக்குப் போயிருந்தாலும் பொதுவாக 7.5 சதவீதம் கிடையாது. விண்ணப்பத்தில் உங்கள் வீட்டு போன் எண்ணையே கொடுங்கள். பிரவுசிங் சென்டர்காரர் எண்ணைக் கொடுத்துவிட்டு, ஓ.டி.பி.க்காக அவர் பின்னால் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சான்றிதழ்கள் கைக்கு வருவதற்குள் ஒருநாள் காலையில் மகளைத் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். புற நோயாளிகள் பிரிவுப் பக்கம் ஓர் ஓரமாக, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் இரண்டு மணி நேரம் உட்காருங்கள். யார் யார் என்னென்ன வேலை செய்கிறார்கள் என்று அவள் பார்க்கட்டும். திரும்பி வரும்போது பஸ்ஸில் நீங்கள் எதுவும் சொல்லாதீர்கள், அவள் பேசட்டும். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள், விருப்பப் பட்டியலை அதை வைத்து வரிசைப்படுத்துவோம்.